வழிச்செலவு யார் கணக்கில்?
மாநாடுகளின் வரலாறு பற்றித் தகடூர்ப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

1

மாநாடுகளின் வரலாறு நம்மிடம் தீர்மானங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த ஊரில் கூடினார்கள், யார் தலைமை, யார் முன்மொழிந்தது, யார் வழிமொழிந்தது என்பதெல்லாம் மலர்களாகவும் தொகுதிகளாகவும் அச்சாகிக் கிடக்கின்றன. வந்தவர்கள் எப்படி வந்தார்கள், வழிச்செலவை யார் கொடுத்தது, ராத்திரி எங்கே படுத்தார்கள், எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள் என்பவை 'நிர்வாக விஷயங்கள்' என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. வராமல் போனவர்களைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. பேச்சு தொடங்குவதற்கு முன்பே பேசத் தகுந்தவர் யார் என்று முடிவு கட்டிவிடுவது இந்த நிர்வாக விஷயம்தான் என்பதை நம் விமர்சகர்கள் கண்டுகொள்வதில்லை.

தருமபுரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் இது கொஞ்சம் சீக்கிரம் உறைக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இது: 68.5 சதவீதம். மாநில சராசரி 80. வேலைக்கு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிற ஜனங்கள். சித்தேரி மலையிலிருந்து ஒரு பையன் சென்னையில் நடக்கிற கருத்தரங்குக்குப் போக வேண்டுமென்றால் மலையிறங்கி அரூர் வரணும், அங்கிருந்து ராத்திரி பஸ் பிடிக்கணும். போக ஒரு நாள், இருக்க ஒரு நாள், வர ஒரு நாள். டிக்கெட்டுக் காசோடு மூன்று நாள் கூலியும் போச்சு. பெண்ணாக இருந்தால் துணைக்கு வருகிறவரின் டிக்கெட்டும் சேரும். கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பது தனிக் கணக்கு. இந்தச் செலவு எந்த அழைப்பிதழிலும் அச்சாவதில்லை.

ஆகவே கேள்வி 'மாநாட்டுக்கு எவ்வளவு ஆகும்' என்பதோடு நிற்பதில்லை. அது யார் கணக்கில் எழுதப்படுகிறது, எழுதுகிறவர் பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறார் என்பதே கேள்வி. தமிழ்ச் சூழலில் இது மூன்று விதமாக நடந்திருக்கிறது. ஊர் கொடுத்தது, அரசு கொடுத்தது, ஆளே தன் கையிலிருந்து கொடுப்பது. இந்த மூன்றும் மூன்று விதமான சபைகளை உருவாக்கின.

2

நேரில் போவதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும், கட்டுரையைத் தபாலில் அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு நம் ஊர்ப் பதில் ஒன்று உண்டு. தகடூர் ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் மலைகளைக் கடந்து வருகிறார். அஞ்சி அவரைப் பார்க்காமலேயே பரிசிலை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை ஏற்க மறுத்துவிடுகிறார். பொருளை வாங்கிக்கொண்டு போகிற வியாபாரி நானில்லை, என் தரமறிந்து தினையளவு கொடுத்தாலும் போதும் என்பது அவர் வாதம். புறநானூற்றின் 208ஆம் பாட்டு இது.

புரவலன்-புலவன் உறவில் புலவன் கைநீட்டுகிற இடத்தில்தான் நிற்கிறான், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏற்றத்தாழ்வுக்குள்ளேயும் ஒரு உரிமையை அவர் கோருகிறார்: என்னை நேருக்கு நேர் பார், நான் சொல்வதைக் கேள், பிறகு கொடு. நேரில் இருப்பது என்பது எடைபோடப்படுவதற்கும் எதிர்த்துப் பேசுவதற்குமான உரிமை. மாநாடு என்ற நவீன வடிவத்தின் உயிரும் இதுதான். கட்டுரை அச்சில் வந்துவிடும். குறுக்குக் கேள்வியும் டீக்கடைச் சண்டையும், அதில் பிறக்கிற கூட்டாளித்தனமும் அச்சில் வராது. இதனால்தான் வழிச்செலவு அரசியலாகிறது.

3

1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னையில் கூடியபோது வந்த பிரதிநிதிகள் 607 பேர். வக்கீல்களும் மிராசுகளும் நிறைந்த சபைதான். ஆனால் அதற்குத் திரட்டிய சுமார் 30,000 ரூபாயில் 5,500 ரூபாய் ஏறத்தாழ 8,000 பேரிடமிருந்து, ஓரணா முதல் ஒன்றரை ரூபாய் வரையிலான சில்லறையாக வந்தது. ஓரணா கொடுத்தவன் பந்தலுக்குள் பேசவில்லை. தன் காசில் ஒரு சபை நடக்கிறது என்ற உணர்வு மட்டும் அவனுக்குக் கிடைத்தது. பிற்பாடு 1920இல் நாக்பூரில் நாலணா உறுப்பினர் சந்தா என்று விதி வந்தபோது இந்தச் சில்லறைக்காரர்கள் சபையின் கணக்கிலேயே ஏறினார்கள்.

1893ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வருஷம் சிகாகோ சர்வசமய மாநாட்டுக்கு விவேகானந்தரை அனுப்ப அளசிங்கப் பெருமாளும் அவர் நண்பர்களும் சென்னையில் வீடுவீடாகக் காசு கேட்டுப் போனார்கள். அளசிங்கர் பள்ளி ஆசிரியர். ராஜாக்களும் கொடுத்தார்கள், நடுத்தர வர்க்கமும் கொடுத்தது. போய்ச் சேர்ந்தால் மாநாட்டுக்கு இன்னும் பல வாரம் இருக்கிறது, கையில் அத்தாட்சிக் கடிதம் இல்லை, சிகாகோவில் தங்கக் கட்டுப்படியாகவில்லை. செலவு குறைவு என்று பாஸ்டன் பக்கம் போனார். அங்கே ஒரு பேராசிரியரின் அறிமுகம் கிடைத்ததால்தான் கதவு திறந்தது. காசு பாதி தூரம் கொண்டுபோகும், மீதியை 'தெரிந்த ஆள்' கொண்டுபோவார். பூர்தியு சமூக மூலதனம் என்று சொல்வது இதைத்தான்.

அதே 1893இல் சென்னையில் இன்னொன்று நடந்தது. ஐ.சி.எஸ். பரீட்சை லண்டனில் மட்டும் நடந்துவந்தது. கப்பல் செலவு செய்து நேரில் போய் எழுத முடிந்தவனுக்கே உத்தியோகம். இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. ஜூன் மாதம் பிரிட்டிஷ் மக்கள்சபையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. செலவைக் குறைக்கச் சொல்கிற கோரிக்கை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரட்டைமலை சீனிவாசனின் பறையர் மகாஜன சபை இதை எதிர்த்தது. இந்தியாவில் பரீட்சை வைத்தால் சாதி இந்துக்களே பதவிகளை நிரப்பிக்கொண்டு எங்களை மேலும் நசுக்குவார்கள் என்று 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

இதை வெள்ளைக்கார விசுவாசம் என்று ஒதுக்கிவிட்டுப் போவது தேசியக் கதையாடலுக்கு வசதி. நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. பயணச் செலவைக் குறைத்தால் அதன் பலன் முதலில் போய்ச் சேருவது, வாசலுக்கு மிகப் பக்கத்தில் ஏற்கெனவே நிற்பவனுக்குத்தான். அவனுக்குப் பின்னால் நிற்பவன் நின்ற இடத்திலேயே நிற்பான். முன்னால் உள்ளவனின் முதுகு மட்டும் இன்னும் அகலமாகத் தெரியும். மனு 112 அடி நீளத்துக்குக் கப்பலில் போனது, மனுஷர்கள் போக முடியவில்லை. 1900இல் லண்டனுக்கு என்று நேரில் கிளம்பிய சீனிவாசன் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்து, சுமார் இருபது வருஷம் கழித்தே ஊர் திரும்பினார். அம்பேத்கரோடு அவர் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்தது 1930இல். சென்னையிலிருந்து லண்டனுக்கு முப்பது வருஷப் பயணம். அதுவும் அரசு பிரதிநிதியாக நியமித்ததால் கிடைத்த நாற்காலி.

4

எங்கள் மாவட்டத்துக் கதைக்கு வருவோம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. பஞ்ச நிவாரணத்தை முன்னிட்டுப் போட்ட குறுகிய பாதை. பின்னர் ஓசூர் வரை நீண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டு, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. அந்த ரயில் ஓடிய நாட்களில்தான் சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் இருந்தார். வ.உ.சி.யோடு 1908இல் சிறை சென்றவர், தொழுநோயோடு வெளியே வந்தார். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று தடை. கூட்டத்துக்குக் கூட்டம் நடந்தும் கட்டை வண்டியிலும் போனார். பாப்பாரப்பட்டியில் பாரதமாதா கோயிலுக்கு 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலையில் மதுரையிலிருந்து பாப்பாரப்பட்டி திரும்பிய மறுநாள், 23ஆம் தேதி, இறந்துபோனார்.

சிவாவின் பாரதமாதா அரசியலோடு நமக்கு ஆயிரம் முரண்பாடு இருக்கலாம். இங்கே பேச்சு அதுவல்ல. ரயில் இருக்கிறது, டிக்கெட்டுக் காசும் யாராவது கொடுத்திருப்பார்கள். ஆனாலும் உடம்பு அனுமதிக்கப்படவில்லை. நேரில் போவதன் விலையைக் காசில் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. மாடிப்படி ஏற முடியாதவர்களுக்கு மூன்றாவது மாடியில் அரங்கம் பிடிக்கிற நம்முடைய இன்றைய தோழர்கள் இதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

சிவா இறந்த அதே 1925இன் நவம்பரில் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் அனுமதிக்கப்படாமல் பெரியார் வெளியேறினார். வெளியேறியவர்கள் சொந்தமாக மாநாடு கூட்டினார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதி வித்தியாசமில்லாத பந்தியும், பேருக்குப் பின்னால் சாதியை வெட்டுகிற தீர்மானமும் ஒரே பந்தலுக்குள் நடந்தன. சாப்பாடு நிர்வாக விஷயமில்லை, அதுவே தீர்மானம் என்று புரிந்துகொண்ட மாநாடு அது. ஊர்க்காரன் வீட்டுத் திண்ணையில் படுத்து, உள்ளூர்த் தோழர் வீட்டுச் சோற்றைத் தின்று நடத்துகிற மாநாட்டுப் பழக்கம் திராவிட, பொதுவுடைமை இயக்கங்களில் வெகுகாலம் இருந்தது. உண்டியல் குலுக்கியவனுக்குக் கணக்குக் கேட்கிற வாயும் இருந்தது.

5

பிறகு அரசு வந்தது. பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களில் கூடிவந்த கீழைத்தேயவியல் மாநாடு 1964 ஜனவரியில் டில்லிக்கு வந்தபோது, அங்கே கூடிய தமிழறிஞர்கள் தனிநாயக அடிகளின் முயற்சியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். கோலாலம்பூர் 1966, சென்னை 1968, பாரிஸ் 1970, யாழ்ப்பாணம் 1974, மதுரை 1981, மறுபடி கோலாலம்பூர் 1987, மொரீஷியஸ் 1989, தஞ்சாவூர் 1995 என்று அது ஊர்ஊராக நடந்தது. பலன் இல்லை என்று சொல்ல முடியாது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இந்த அலையில் பிறந்தவை. ஆனால் அரசு கொடுக்கிற வழிச்செலவோடு அரசு வரைகிற விருந்தினர் பட்டியலும் வரும்.

பாரிஸ் மாநாடு 1970 ஜூலையில் கொலேஜ் து பிரான்சில் நடந்தது. அதே நிறுவனத்தில் அதே வருஷம் டிசம்பரில் பூக்கோ தன் முதல் உரையை நிகழ்த்தினார்: சொல்லாடலின் ஒழுங்கு பற்றி. எல்லாரும் எல்லாவற்றையும் எங்கேயும் பேசிவிட முடியாது, பேசுகிறவரைச் சலித்தெடுக்கும் சடங்குகள் ஒவ்வொரு சமூகத்திலும் உண்டு என்பது அதன் சாரங்களில் ஒன்று. நம்மில் பலர் அதைத் தமிழில் படித்துப் புல்லரித்தோம். பாரிசுக்கு டிக்கெட் வாங்க முடிந்த தமிழ்ப் புலவர் யார் என்ற கேள்வியும் அந்தச் சலிப்பில் ஒரு கண்ணிதான் என்று எழுதத் தோன்றவில்லை.

1974இல் கொழும்பில் நடத்தச் சொன்ன அரசின் விருப்பத்தை மீறி, யாழ்ப்பாணத்து ஜனங்கள் தங்கள் நகரத்தில் மாநாட்டை நடத்திக் காட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போக இருந்த சிலருக்கு விசா மறுக்கப்பட்டது. ஜனவரி 10ஆம் தேதி மாலை, வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே திரண்ட கூட்டத்தில் போலீஸ் புகுந்தது. கண்ணீர்ப்புகை, துப்பாக்கிச் சூடு, அறுந்து விழுந்த மின்கம்பி. ஒன்பது உயிர்கள். நேரில் வந்து நின்றதற்கு அந்த ஜனங்கள் கொடுத்த விலை அது. 1995இல் தஞ்சாவூருக்கு வந்த கா. சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கைத் தமிழறிஞர்களை இந்திய மண்ணிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். உலகத் தமிழ் மாநாடு, ஆனால் ஈழத்துத் தமிழாய்வுக்கு வாசல் மூடல். அதே சிவத்தம்பி 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டில் மரியாதையோடு அமர்த்தப்பட்டார். ஆளும் மாறவில்லை, அவர் ஆய்வும் மாறவில்லை. பட்டியல் எழுதுகிற கைதான் மாறியது. அந்தக் கோவை மாநாடு உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மாநாடாக நடக்காததற்குக் காரணம், ஆய்வுக்குப் போதிய அவகாசம் வேண்டும் என்று அதன் தலைவர் நொபொரு கராஷிமா பிடிவாதமாக மறுத்ததுதான். ஜப்பானிய அறிஞர் ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தது, அவருடைய சோறு அந்தப் பந்தியை நம்பி இல்லாததால்.

2019 ஜூலையில் பத்தாவது மாநாடு சிகாகோவில். அப்போது அமெரிக்க விசா மனுவுக்கு மட்டும் 160 டாலர். ஏறத்தாழ 11,000 ரூபாய். விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராத பணம். அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 229 ரூபாய். ஜன்னலில் மனுவை நீட்டுவதற்கு மட்டும் 48 நாள் மண் வெட்ட வேண்டும். விமானம், தங்கல், சாப்பாடு எல்லாம் அதற்கு அப்புறம்.

6

மூன்றாவது கட்டம் ஓசையில்லாமல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களுக்குப் புள்ளிக் கணக்கு வைத்தது. சர்வதேசக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 10, தேசிய அளவில் 7.5, மாநில அளவில் 5, கல்லூரி அளவில் 3. 2018இல் எண்கள் மாறின: வெளிநாட்டில் வாசித்தால் 7, உள்நாட்டிலேயே நடக்கும் சர்வதேசக் கருத்தரங்கு என்றால் 5, தேசியம் 3, மாநிலம் 2. கவனியுங்கள், கட்டுரை ஒன்றுதான். எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போனாய் என்பதற்குத்தான் புள்ளி. தூரம் தரமாகிவிட்டது. தூரத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க முடியும் என்பதால் காசும் தரமாகிவிட்டது.

இதன் பிறகுதான் ஊருக்கு ஊர் 'பன்னாட்டுக் கருத்தரங்கம்' முளைத்தது. அழைப்பிதழில் ஒரு மலேசியப் பேர், ஒரு இலங்கைப் பேர். கட்டணம் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை. காசு கட்டினால் ஐ.எஸ்.பி.என். போட்ட தொகுதியில் கட்டுரை, கையில் சான்றிதழ், மத்தியானம் சாப்பாடு. ஒரே நேரத்தில் நாலு அறையில் அமர்வு. ஆளுக்கு ஐந்து நிமிஷம். வாசித்து முடித்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார், ஏனென்றால் கடைசி பஸ். யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவில்லை. பெருஞ்சித்திரனார் வேண்டாமென்று தள்ளிய பரிசில் இதுதான்: முகம் பார்க்காமல் கொடுத்தது. ஒரு வித்தியாசம். அஞ்சி தன் காசில் கொடுத்தான். இங்கே புலவரே காசு கட்டி வாங்க வேண்டும்.

இந்தச் சுமை யார் தலையில் அதிகம் விழுகிறது? நிரந்தரப் பேராசிரியருக்குப் பணிநிமித்த விடுப்பு உண்டு, நிதிநல்கைக்கு எழுதிப் போட வழி உண்டு. தொகுப்பூதியத்தில் ஓடுகிற கௌரவ விரிவுரையாளருக்கும், சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கும், உதவித்தொகை இல்லாத ஆய்வு மாணவிக்கும் எதுவும் கிடையாது. இவர்களில் கணிசமானோர் தலித்துகள், பிற்படுத்தப்பட்டோர், முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நிரந்தர வேலைக்குப் புள்ளி வேண்டும், புள்ளிக்குக் காசு வேண்டும், காசுக்கு நிரந்தர வேலை வேண்டும். வட்டம் பூர்த்தியாகிவிடுகிறது. ஆளே செலவு செய்கிற இந்தக் கட்டத்தில் கணக்குக் கேட்கிற வாயும் போய்விட்டது. உண்டியலில் ஓரணா போட்டவன் கேள்வி கேட்டான். ஆயிரம் ரூபாய் கட்டினவன் ரசீதும் சான்றிதழும் கேட்கிறான், அவ்வளவுதான்.

அறிவின் பக்கம் என்ன நஷ்டம்? தருமபுரி நடுகற்களைப் பாருங்கள். தொல்லியல் துறை 1970களில் இந்தப் பக்கம் தேடித் தொகுத்த வட்டெழுத்து நடுகற்கள் தமிழக வரலாற்றெழுத்தையே புரட்டிப்போட்டன. தொறு மீட்கப் போய் இறந்தவனின் பேரும் ஊரும் தலைவனும் கல்லில் இருக்கின்றன. அந்தக் கல்லுக்கு இன்றைக்கும் பொங்கல் வைக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. கல் அச்சேறி உலக மாநாடுகளுக்குப் போயிற்று. பொங்கல் வைக்கிறவர் அந்தக் கல்லை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதை அறிந்த உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் போகவில்லை. ஆய்வுப்பொருளுக்குப் பயணம் உண்டு, ஆய்வுப்பொருளோடு வாழ்கிறவனுக்கு இல்லை.

7

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மாநாடுகள் செல்போன் திரைக்குள் போயின. இனி பயணச் செலவே இல்லை, அறிவு ஜனநாயகமாகிவிட்டது என்று எழுதினார்கள். பாதி உண்மை. வீட்டை விட்டு வர முடியாத பெண்களும், நடமாட முடியாதவர்களும், கடல் கடந்த தமிழர்களும் ஒரே கூட்டத்தில் பேசினார்கள். இது சின்ன விஷயமில்லை, இதை விட்டுவிடவும் கூடாது. ஆனால் 1893 மனுவின் எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும். செலவு குறைந்ததும் முதலில் உள்ளே வந்தது நல்ல போனும் தனி அறையும் சிக்னலும் உள்ளவர்கள். மலையூரில் டவரைத் தேடி மேடேறி நின்றவன் அரைகுறையாகக் கேட்டான். கூடவே, படிவத்தை நிரப்பினால் இணையச் சான்றிதழ் என்று புள்ளி வியாபாரம் இன்னும் மலிவானது. ஊரடங்கு முடிந்ததும் பெரிய சபைகள் பழையபடி நேருக்கு நேர் கூடின. தூரத்தில் இருப்பவனுக்கு மீந்தது திரை. உள்ளே நாற்காலி, வெளியே ஒலிபெருக்கி. பழைய பந்தலின் புதிய வடிவம்.

என்ன செய்யலாம்? அரசு மாநாடுகளை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். நாம் நடத்துகிற கூட்டங்களை மாற்ற முடியும். 1936 டிசம்பரில் காங்கிரஸ் முதன்முறையாக ஒரு கிராமத்தில், பைஸ்பூரில், கூடியது. பிரதிநிதிகள் கிராமத்துக்குப் போனார்கள். செலவின் திசை திரும்பியது. அரூரிலோ பென்னாகரத்திலோ கூட்டம் நடக்கட்டும், சென்னைக்காரர் ராத்திரி பஸ் பிடித்து வரட்டும். நம் சிறுபத்திரிகைக் கூட்டங்களில் மேடையில் பேசுகிறவருக்கு முதலில் வழிச்செலவு தருகிற பழக்கத்தை நிறுத்தி, கேட்க வருகிறவரில் சம்பளமில்லாதவருக்கு முதலில் தரலாம். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஒரு பொது உண்டியல் வைக்கட்டும். அழைப்பிதழில் தலைவர் பேரைப் போடுகிற அளவு எழுத்திலேயே துணையாளுக்குச் செலவு உண்டா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, படியேறாமல் வர முடியுமா என்பதையும் போடட்டும். கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களோடு வரவு செலவையும் அச்சிடட்டும்: யார் கொடுத்தார்கள், யாருக்குப் போனது, யாரைக் கூப்பிட்டும் வர முடியவில்லை, ஏன்.

அந்தக் கடைசிப் பத்தி, வராதவர்களின் பட்டியல், எந்த மாநாட்டு மலரிலும் இதுவரை என் கண்ணில் படவில்லை. அதை அச்சிடத் துணிகிற முதல் மாநாட்டில்தான் 'அனைவரும் வருக' என்ற வாசகத்துக்குப் பொருள் வரும்.